விசா தராத தூதரகம்: 27 நாடுகளின் கொடி கொழும்பில் என்ன செய்கிறது?

ஐரோப்பாவுக்குப் போகவேண்டும் என்றால் கொழும்பில் ஜேர்மன் தூதரகம், பிரெஞ்சுத் தூதரகம், இத்தாலியத் தூதரகம் என்று ஏதாவது ஒன்றின் விசா நிலையத்தில் வரிசையில் நிற்கவேண்டும். அதே கொழும்பில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. நீலக்கொடியில் பன்னிரண்டு மஞ்சள் நட்சத்திரங்கள், ஜனாதிபதியிடம் நற்சான்றுப் பத்திரம் கையளித்த ஒரு தூதுவர், அவருக்கு வாகனம், பத்திரிகைகளில் படம். எல்லாம் உண்டு. ஆனால் ஷெங்கன் விசா ஒன்றைக்கூட அந்த அலுவலகத்தால் குத்தித் தரமுடியாது. கடவுச்சீட்டைத் தொலைத்த ஒரு பிரெஞ்சுக்காரருக்குப் புதிய கடவுச்சீட்டும் அங்கே கிடைக்காது.

அப்படியென்றால் இது வெறும் அலங்காரமா? 2010 ஓகஸ்டில் ஆடைத் தொழிற்சாலை நடத்தியவர்களிடமோ, 2015 ஜனவரியில் மீன் ஏற்றுமதி செய்தவர்களிடமோ அப்படிக் கேட்டால் சிரித்திருக்க மாட்டார்கள்.

முதலில், ஒரு நாடு அல்லாத ஒன்று எப்படித் தூதரகம் வைக்கிறது என்று பார்ப்போம். இராஜதந்திர உறவுகளுக்கான 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை முழுக்க நாடுகளைப் பற்றியே பேசுகிறது. அனுப்பும் நாடு, ஏற்கும் நாடு, அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியம் நாடு இல்லை. அந்த உடன்படிக்கையில் அது கையெழுத்திடவும் இல்லை. அதனால் எந்தத் தலைநகரில் அலுவலகம் திறப்பதானாலும், அந்த நாட்டு அரசோடு தனி ஒப்பந்தம் போட்டு, வியன்னா உடன்படிக்கையின் சலுகைகளை எங்களுக்கும் தாருங்கள் என்று கேட்டு வாங்கவேண்டியிருக்கிறது. ஒரு சின்ன நாட்டின் தூதுவருக்குத் தானாகவே கிடைக்கும் சட்டப் பாதுகாப்பை 27 நாடுகளின் பிரதிநிதி பேசித்தான் பெறுகிறார். இப்படி உலகமெங்கும் 140க்கு மேற்பட்ட அலுவலகங்கள் இருக்கின்றன.

பெயரிலும் ஒரு நெளிவு உண்டு. அதிகாரபூர்வமாக இவை தூதரகங்கள் அல்ல, 'தூதுக்குழுக்கள்'. தலைவரைத் தூதுவர் என்றே எல்லாரும் அழைக்கிறார்கள். அவருடைய நற்சான்றுப் பத்திரத்தில் உறுப்பு நாடுகளின் தலைவர்கள் கூடும் ஐரோப்பியப் பேரவையின் தலைவரும், ஒன்றியத்தின் நிர்வாகத்தை நடத்தும் ஐரோப்பிய ஆணைக்குழுவின் தலைவரும் சேர்ந்து கையெழுத்திடுகிறார்கள். ஒரு நாட்டின் தூதுவர் என்றால் மன்னரோ ஜனாதிபதியோ ஒருவர் போதும். இங்கே அதற்கே இரண்டு பேர்.

தொடக்கம் மிக அடக்கமானது. இன்றைய ஒன்றியம் வெறும் நிலக்கரி, உருக்குச் சமூகமாக இருந்த காலத்தில், 1954இல் வொஷிங்டனில் ஒரு தகவல் அலுவலகம் திறந்தார்கள். பிறகு பல பத்தாண்டுகளுக்கு இவை ஆணைக்குழுவின் அலுவலகங்களாகவே இருந்தன: உதவித் திட்டங்கள், வர்த்தகம், கணக்கு வழக்கு. அரசியல் பேசும் வேலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும் தலைமை நாட்டின் தூதரகத்துடையது. அந்த நாட்டுக்கு அந்த ஊரில் தூதரகமே இல்லையென்றால் வேறொரு நாடு அந்த வேலையை ஏற்கும். ஜனவரியில் யாரிடம் பேசினோமோ ஜூலையில் அவர் இல்லை. இதற்கு முடிவு கட்டியது 2009 டிசெம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த லிஸ்பன் உடன்படிக்கை. வெளிவிவகாரத்துக்கென்று ஓர் உயர் பிரதிநிதி, அவருக்குக் கீழே ஒரு வெளிவிவகாரச் சேவை, அதற்குக் கீழே இந்தத் தூதுக்குழுக்கள் என்று ஒழுங்கு வந்தது.

ஒழுங்கு தாளில் வந்தது. மற்றவர்கள் அதை ஏற்கவேண்டுமே. 2010 செப்டெம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் ஒன்றியத்தின் பிரதிநிதிக்குப் பேசும் உரிமை வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுபோனார்கள். ஆபிரிக்க, கரீபியன் நாடுகள் பல முகம் சுளித்தன: 27 நாடுகளுக்கும் ஏற்கெனவே தனித்தனி ஆசனம் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு? தீர்மானத்தைத் தள்ளிவைக்கவேண்டும் என்பதற்கு 76 வாக்குகள், எதிராக 71. அடுத்த ஆண்டு மே மாதம் விட்டுக்கொடுப்புகளோடு மறுபடியும் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். இப்போது ஒன்றியம் அங்கே பேசலாம், முன்மொழிவுகளை வைக்கலாம். வாக்குப் போடமுடியாது.

வொஷிங்டனில் நடந்தது இன்னும் சுவாரசியம். ட்ரம்பின் முதல் ஆட்சிக்காலத்தில், 2018இன் பிற்பகுதியில், ஒன்றியத்தின் தூதுக்குழுவை நாட்டுத் தூதரகம் என்ற நிலையிலிருந்து சர்வதேச அமைப்பு என்ற நிலைக்கு ஓசைப்படாமல் இறக்கிவிட்டார்கள். கடிதம் இல்லை, அறிவிப்பு இல்லை. டிசெம்பரில் முன்னாள் ஜனாதிபதி ஜோர்ஜ் எச். டபிள்யூ. புஷ்ஷின் இறுதிச் சடங்கு வந்தது. அதிக காலம் பணியில் இருப்பவர் முன்னால், புதிதாக வந்தவர் பின்னால் என்று தூதுவர்களை அழைப்பது அங்கே வழக்கம். நான்கு ஆண்டுகளாக அங்கிருந்த ஒன்றியத் தூதுவர் டேவிட் ஓ'சலிவனின் பெயர் கடைசியில் வந்தது. அப்போதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. 2019 மார்ச்சில் பழைய நிலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பிரித்தானியாவும் இதே விளையாட்டை ஆடிப் பார்த்தது. லண்டனுக்கு வந்த ஒன்றியத் தூதுவருக்கு முழு இராஜதந்திர நிலை தரமாட்டோம் என்றார்கள்; 2021 மே மாதத்தில் தந்தார்கள். நேற்றுவரை அதே ஒன்றியத்தின் உறுப்பு நாடாக இருந்து, அதன் தூதுக்குழுக்களின் நிலைக்காக மற்றத் தலைநகரங்களில் சேர்ந்து வாதாடிய நாடு அது என்பதை நினைத்தால் சிரிப்பு வரும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? இந்த அலுவலகத்துக்கு எல்லா விஷயத்திலும் ஒரே அளவு அதிகாரம் கிடையாது. வர்த்தகம், சுங்கத் தீர்வை, கடல்வளப் பாதுகாப்பு ஆகியவற்றில் உறுப்பு நாடுகள் தங்கள் அதிகாரத்தை முழுமையாக ஒன்றியத்திடம் கொடுத்துவிட்டன. சுங்க வரியைப் பற்றிப் பாரிஸ் தனியாகவோ பெர்லின் தனியாகவோ கொழும்போடு பேசமுடியாது. பேசுவது ஒன்றியம் மட்டுமே. வெளியுறவு, தடைகள், போர், சமாதானம் என்று வந்தால் 27 நாடுகளும் ஒத்துக்கொண்டால்தான் ஒரு சொல் வாய்விட்டு வரும். விசா, படை, பொலிஸ், குடிமக்களுக்கான தூதரகச் சேவை இவை அந்தந்த நாட்டிடமே இருக்கின்றன. அதனால் இந்தத் தூதுக்குழுவிடமிருந்து ஏதாவது செய்தி வந்தால், விஷயம் இவற்றில் எதைச் சேர்ந்தது என்று பார்த்துவிட்டுத்தான் அதற்கு எடை போடவேண்டும். நம் பத்திரிகைகள் அதைப் பார்ப்பதில்லை. 'ஐரோப்பிய ஒன்றியம் கடும் கண்டனம்' என்ற தலைப்பு எல்லாவற்றுக்கும் பொருந்திவிடுகிறது.

பணியாளர்களும் இரண்டு வீட்டுப் பிள்ளைகள். தூதுவரும் அரசியல் பிரிவினரும் வெளிவிவகாரச் சேவையைச் சேர்ந்தவர்கள், அல்லது உறுப்பு நாடுகளின் வெளிவிவகார அமைச்சுகளிலிருந்து வந்தவர்கள். உதவித் திட்டம், வர்த்தகம் பார்ப்பவர்கள் ஆணைக்குழுவின் ஆட்கள். தன் பொறுப்பிலுள்ள விஷயங்களில் ஆணைக்குழு தூதுக்குழுவுக்கு நேரடியாகவே அறிவுறுத்தல் அனுப்பலாம். அரசியல் பிரிவு ஓர் அமைச்சரோடு சூடாகப் பேசிக்கொண்டிருக்கும் அதே கிழமையில், அடுத்த அறையில் இருப்பவர்கள் அதே அமைச்சின் திட்டம் ஒன்றுக்கு நிதி ஒப்பந்தம் தயாரித்துக்கொண்டிருப்பது இதனால் சாத்தியம்.

இப்போது அந்த எடை எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். ஒரு டீசேர்ட்டை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியத் துறைமுகத்தில் அதன் மதிப்பு 10 யூரோ. எந்தச் சலுகையும் இல்லையென்றால் பெரும்பாலான ஆடைகளுக்குத் தீர்வை 12 சதவீதம், அதாவது 1 யூரோ 20 சதம். வளரும் நாடுகளுக்கான சாதாரண ஜி.எஸ்.பி. சலுகை இருந்தால் 9.6 சதவீதம், 96 சதம். அதற்கும் மேலான ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகை இருந்தால் ஒன்றும் இல்லை. ஒரு துண்டுக்கு ஒரு யூரோ என்பது இலட்சக்கணக்கில் வாங்கும் கொள்வனவாளருக்குப் பெரிய பணம். பக்கத்திலுள்ள பங்களாதேஷ், குறைவிருத்தி நாடு என்ற வகையில் தீர்வையே இல்லாமல் அனுப்பும்போது, இலங்கைச் சட்டைக்கு அந்த 96 சதம் ஒரு சுமைதான். கட்டுநாயக்கவில் இருக்கும் தொழிற்சாலைகளுக்கும், போருக்குப் பிறகு கிளிநொச்சியில் வந்த தொழிற்சாலைகளுக்கும் இதே கணக்குத்தான்.

இந்தச் சலுகை இலவசம் இல்லை. மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சூழல், நல்லாட்சி பற்றிய 27 சர்வதேச உடன்படிக்கைகளை ஏற்று நடைமுறைப்படுத்தவேண்டும். (உறுப்பு நாடுகளின் எண்ணிக்கையும் 27, இரண்டுக்கும் தொடர்பில்லை.) சுனாமி வந்த ஆண்டை அடுத்து, 2005இல் இலங்கைக்கு இது கிடைத்தது. 2008 ஒக்டோபரில் ஆணைக்குழு விசாரணை ஒன்றைத் தொடங்கியது. குடியியல், அரசியல் உரிமைகள், சித்திரவதைத் தடுப்பு, சிறுவர் உரிமைகள் ஆகிய மூன்று உடன்படிக்கைகளை இலங்கை ஒழுங்காக நடைமுறைப்படுத்தவில்லை என்பது முடிவு. விசாரணைக்கு ஒத்துழைக்க அன்றைய அரசு மறுத்துவிட்டது. 2010 ஓகஸ்ட் 15ஆம் திகதி சலுகை நிறுத்தப்பட்டது. திரும்பக் கிடைத்தது 2017 மே மாதத்தில்.

கவனிக்கவேண்டியது என்னவென்றால், மனித உரிமை பற்றிய ஓர் அரசியல் கேள்வி இங்கே வர்த்தகச் சட்டத்தின் வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறது. வெளியுறவு விஷயமாக மட்டும் இருந்திருந்தால் ஒரு நாடு தடுத்திருந்தாலே போதும், எல்லாம் நின்றிருக்கும். தீர்வை விஷயம் என்பதால் அந்தத் தடை இல்லை.

மீன் கதையும் அப்படியே. ஆழ்கடலில் சட்டத்துக்குப் புறம்பான மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை, படகுகளைக் கண்காணிக்கவில்லை என்று 2014 ஒக்டோபரில் ஆணைக்குழு இலங்கைக்குச் சிவப்பு அட்டை காட்டியது. 2015 ஜனவரியில் தடை நடைமுறைக்கு வந்தது. புதிய சூரை மீனையும் வாள்மீனையும் ஐரோப்பாவுக்கு அனுப்புவதில் இலங்கை அப்போது முன்வரிசையில் இருந்தது. படகுகளுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பொருத்தி, சட்டத்தைத் திருத்தி, 2016இல்தான் தடையிலிருந்து வெளியே வரமுடிந்தது. எத்தனை கண்டன அறிக்கை விட்டாலும் நடந்திருக்காத வேகம் அது.

ஆனால் சலுகை இருப்பதும் அதைப் பயன்படுத்துவதும் ஒன்றல்ல. ஜி.எஸ்.பி. பிளஸ் நாட்டு ஆடைக்குத் தீர்வை விலக்கு வேண்டுமானால் துணி நெய்வது, தைப்பது என்று இரண்டு கட்டமும் பொதுவாக உள்ளூரிலேயே, அல்லது விதி அனுமதிக்கும் பிராந்திய நாடுகளிலிருந்து வந்த துணியில் நடந்திருக்கவேண்டும். சீனத் துணியை இறக்கி இங்கே தைத்து மட்டும் அனுப்பினால் சலுகை இல்லை. அதனால் இலங்கை ஆடைகளில் கணிசமான பகுதி சலுகை இருந்தும் வரி கட்டித்தான் உள்ளே போகிறது. இந்த விதியைத் தொழிலதிபர்களுக்கு விளக்குவது, தளர்த்தச் சொல்லி அவர்கள் கேட்பதை ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸுக்கு எழுதுவது, இதெல்லாம் தூதுக்குழுவின் அன்றாட வேலை. பத்திரிகையில் வராத வேலை.

எடை குறைந்த இடத்துக்கு வருவோம். உள்ளூர் அறிக்கை ஒன்று வந்தால் நான் முதலில் பார்ப்பது அதன் முதல் வரியைத்தான். 'தூதுக்குழு, இன்னின்ன உறுப்பு நாடுகளின் தூதரகங்களோடு இணக்கம் கண்டு வெளியிடும் அறிக்கை' என்று அது தொடங்கும். சில சமயம் நோர்வே, சுவிட்சர்லாந்து, பிரித்தானியா என்று வெளியாட்களும் சேர்வார்கள். யார் சேர்ந்திருக்கிறார்கள், யார் விடுபட்டிருக்கிறார்கள் என்பது பல வேளைகளில் உள்ளே இருப்பதைவிட அதிகம் சொல்லும். பிரஸ்ஸல்ஸிலிருந்து வருபவற்றுக்கும் படிநிலை உண்டு. பேச்சாளரின் அறிக்கைதான் ஆக எளிது. யாரையும் கேட்கத் தேவையில்லை. உயர் பிரதிநிதி தன் பெயரில் விடுவது அதற்கு மேல். 'ஒன்றியத்தின் சார்பில்' என்ற சொற்கள் இருந்தால் 27 தலைநகரங்களும் பார்த்து ஒத்துக்கொண்டவை. இதற்கு மௌன நடைமுறை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: வரைவை எல்லாருக்கும் அனுப்புவார்கள், இத்தனை மணிக்குள் யாரும் வாய் திறக்காவிட்டால் சம்மதம். ஒருவர் வாய் திறந்தால் மறுபடி பேச்சு. 2017இல் ஜெனீவா மனித உரிமைப் பேரவையில் சீனாவைப் பற்றிய ஒன்றியத்தின் அறிக்கையைக் கிரேக்கம் தடுத்தது. 2021இல் ஹொங்கொங் பற்றிய அறிக்கையை ஹங்கேரி தடுத்தது. இப்படிப் பலர் கைபட்டு வருவதால்தான் இந்த அறிக்கைகள் உப்புச் சப்பில்லாமல் இருக்கின்றன. எழுதுபவர்களுக்கு எழுதத் தெரியாததால் அல்ல.

ஒரே குரலில் பேசுவதற்கும் விலை உண்டு. அந்த விலையை ஈழத்தமிழர்கள் நேரடியாகப் பார்த்தார்கள். 2002 போர்நிறுத்தத்தைக் கண்காணித்த குழுவில் நோர்வே, ஐஸ்லாந்து, சுவீடன், பின்லாந்து, டென்மார்க் என்று ஐந்து நோர்டிக் நாட்டவர்கள் இருந்தார்கள். 2003 டோக்கியோ மாநாட்டுக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் சமாதான முயற்சியின் இணைத்தலைமைகளில் ஒன்று. மற்றவை நோர்வே, ஜப்பான், அமெரிக்கா. இந்த நிலையில் 2006 மே மாத இறுதியில் ஒன்றியம் விடுதலைப் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. அந்த முடிவுக்கு எல்லா உறுப்பு நாடுகளின் சம்மதமும் தேவை. ஆகவே சுவீடன், பின்லாந்து, டென்மார்க் மூன்றும் அந்த முடிவின் பங்காளிகள். எங்களைத் தடைசெய்த நாட்டவர் எப்படி நடுநிலைக் கண்காணிப்பாளராக இருக்கமுடியும் என்று புலிகள் கேட்டார்கள். 2006 செப்டெம்பருக்குள் மூன்று நாட்டவரும் வெளியேறினார்கள். குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அவர்கள்தான். எஞ்சியது ஒன்றியத்தில் இல்லாத நோர்வேயும் ஐஸ்லாந்தும். தனி நாடாக இருந்திருந்தால் சுவீடன் நடுநிலை வகித்திருக்கலாம். கூட்டாக இருந்ததால் முடியவில்லை. பட்டியல் சரியா தவறா என்பது வேறு விவாதம். நான் சொல்வது, இணைத்தலைமை நாற்காலியிலும் தடைப்பட்டியலின் கீழும் ஒரே பெயர் இருந்தது என்பதை.

போர் முடிந்த 2009 மே மாதக் கடைசியில் ஜெனீவாவில் இலங்கை பற்றி மனித உரிமைப் பேரவையின் சிறப்பு அமர்வைக் கேட்டவர்களில் ஜேர்மனி முன்னால் நின்றது. அமர்வு கூடியது, ஆனால் நிறைவேறியது இலங்கை அரசே கொண்டுவந்த தீர்மானம். ஆதரவு 29, எதிர்ப்பு 12. இந்தியா ஆதரித்தது, பேரவையில் ஆசனம் இருந்த ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எதிர்த்தன. ஒன்றியத்துக்கென்று அங்கே வாக்கு இல்லை.

மற்றக் கூட்டமைப்புகள் இவ்வளவு தூரம் வரவில்லை. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் தனக்கென்று தூதரகம் வைப்பதில்லை. ஒரு தலைநகரிலுள்ள ஆசியான் நாடுகளின் தூதுவர்கள் ஒரு குழுவாகக் கூடுவார்கள், தலைமை முறை வைத்து மாறும். அரபு லீக் பழைய ஆள். 1960களிலேயே புதுடில்லியில் அதற்குத் தூதுவர் இருந்தார், குளோவிஸ் மக்சூத் என்ற லெபனானியர். பின்னாளில் அவர் ஐ.நா.வில் லீக்கின் பிரதிநிதியானார். 1990இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது, அடித்தவரும் லீக்கில் உறுப்பினர், அடிபட்டவரும் உறுப்பினர். மற்ற நாடுகள் இரண்டாகப் பிரிந்தன. மக்சூத் பதவி விலகினார். கூட்டமைப்பின் தூதுவருக்கு வரக்கூடிய ஆகப் பெரிய சங்கடம் அதுதான்: அனுப்பியவர்களே ஒன்றாக இல்லை.

நம் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஏதாவது நடந்தால் ஊர்வலமாகப் போய்த் தூதரக வாசலில் மகஜர் கையளிப்பது, படம் எடுப்பது, திரும்புவது. மகஜரைத் தூதுக்குழு வாங்கிக்கொள்ளும். தன் அரசியல் அறிக்கையில் இரண்டு வரி சேர்க்கவும் செய்யும். ஆனால் பலன் வேண்டுமென்றால் காலம் பார்த்துப் போகவேண்டும். ஜி.எஸ்.பி. பிளஸ் கண்காணிப்புக் குழு பிரஸ்ஸல்ஸிலிருந்து குறிப்பிட்ட இடைவெளியில் வரும். 2021இல் வந்தது, 2025இலும் வந்தது. அதன் சந்திப்புகளை ஒழுங்குசெய்வது தூதுக்குழு. அமைச்சர்கள், தொழிற்சங்கங்கள், வர்த்தகர்கள், சிவில் அமைப்புகள் என்று பட்டியல் போட்டு அழைப்பார்கள். அந்த மேசையில் கேட்பது பொதுவான வேதனை இல்லை. இந்த உடன்படிக்கையின் இந்தப் பிரிவு, இந்த மாவட்டத்தில், இந்தத் திகதியில் மீறப்பட்டது என்ற தகவல். தொழிற்சங்கங்கள் இதைப் பழகிக்கொண்டுவிட்டன. காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்களுக்காகவும் அரசியல் கைதிகளுக்காகவும் பேசுபவர்களில் சிலர் பழகியிருக்கிறார்கள், நம் கட்சிகள் அவ்வளவாக இல்லை.

அந்த மேசைக்குத் திரும்பத் திரும்ப வருவது 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம். சலுகை 2017இல் திரும்பக் கிடைத்தபோது அதை மாற்றுவதாகக் கொழும்பு சொல்லியிருந்தது. மாற்றம் வராததால் 2021 ஜூனில் ஐரோப்பியப் பாராளுமன்றம், சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி யோசிக்கும்படி ஆணைக்குழுவைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. ஒன்பது மாதத்தில், 2022 மார்ச்சில், சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. 2023இல் அதன் இடத்துக்கு ஒரு புதிய சட்டமூலம் வர்த்தமானியில் வெளியானது, எதிர்ப்பில் நின்றுபோனது. இதற்கிடையில் 2023 முடிவில் காலாவதியாக இருந்த ஜி.எஸ்.பி. திட்டத்தை ஒன்றியம் 2027 முடிவுவரை நீட்டித்துவிட்டது. கொழும்பு கொஞ்சம் மூச்சு விட்டது.